புளியில் துலங்கிய காசு

1970 நவம்பர்: கும்மிடிப்பூண்டியில் நான் பணியாற்றிய செம்பு, பித்தளை வார்ப்பாலைக்கு வந்த பழைய உலோகக் குவியலில் நாற்பத்தொரு செப்புக் காசுகள் கிடைத்தன. உருக்குவதற்கு முன் அவை தனியே எடுக்கப்பட்டன. ஆரணி ஆற்று மணலில் அகப்பட்டவை என்று சரக்கைக் கொண்டுவந்த வண்டிக்காரர் சொன்னார்.

1971 ஜனவரி, தை அமாவாசைக்கு முந்தைய நாள்: அக்காசுகள் புளியிட்டுத் துலக்கப்பட்டன.

1971 பிப்ரவரி: அவற்றுள் ஒன்றில் மூன்று தமிழ் எழுத்துகள் படிக்கப்பட்டன.

1971 ஆகஸ்ட்: அந்தக் காசைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று நாணயவியல் இதழில் என் பெயரில் வெளியாயிற்று.

1978 புரட்டாசி: என் மனைவி காலமானாள்.

இவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காசுகளைத் துலக்கியவர் யார், எழுத்தை முதலில் கண்டவர் யார் என்ற இரண்டையும் விட்டுவிட்டதால்தான் இந்தக் குறிப்பை இத்தனை ஆண்டுகள் கூசாமல் என்னால் வைத்திருக்க முடிந்தது. விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். ஆலையின் சோதனைக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. உலைக்குப் போகும் ஒவ்வொரு குவியலிலும் செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. உடைந்த குடங்கள், நசுங்கிய அண்டாக்கள், மின்கம்பித் துண்டுகள் இவற்றுக்கு நடுவே எப்போதாவது பழங்காசுகள் வரும். குவியலைத் தரம் பிரிக்கும் தொழிலாளி ஒருவர் அவற்றை எனக்காக ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். சில ஆண்டுகள் முன்புவரை ஆலை நின்ற அதே நிலத்தில் நாற்று நட்டவர் அவர். காசுகளை மனிதர்களாகவே பேசுவார்.

"சார், நேத்து வந்த சரக்குல உன் ஆளுங்க நாலு பேரு கீறாங்க. ரெண்டு பேரு நின்னுகினு கீறாங்க, ரெண்டு பேரு குந்திகினு கீறாங்க."

"நாலு பேர் இல்லை. ஒரே ஆள்தான். ஒரு பக்கம் நிற்பார், மறுபக்கம் உட்கார்ந்திருப்பார்."

"அப்ப நம்ம மேஸ்திரி மாதிரி. மொதலாளி வந்தா நிப்பாரு, போனா குந்திப்பாரு."

பிற்காலச் சோழர் செப்புக் காசுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பொன் அரண்மனையிலும் கோயில் கருவூலத்திலும் தங்கியது. செம்புதான் சந்தைக்குப் போனது. உப்பு வாங்கியது, ஓடக்காரனுக்குக் கொடுத்தது, மடியில் முடிந்து மறந்தது, எல்லாம் அதுதான். அரசனின் முகம் தேய்ந்து வழவழப்பான காசைப் பார்த்தால் எத்தனை கட்டைவிரல்கள் அதன்மேல் ஓடியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். முழுமையான காசைவிடத் தேய்ந்த காசின்மேல் எனக்குப் பற்று அதிகம். அதைவிடவும் அதிகப் பற்று, மண்ணில் கிடந்த காசின்மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை ஏட்டின்மேல். அது வயதுக்குச் சான்று. உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பு. அதைச் சுரண்டக்கூடாது, கழுவக்கூடாது என்பது எங்கள் வட்டாரத்தில் முதல் பாடம்.

என் மனைவிக்கு அந்தப் பச்சையின் பெயர் களிம்பு. அவள் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்தவள். திருமஞ்சனத்துக்கான செப்புக் குடங்களும் தட்டுகளும் அவர்கள் வீட்டு முற்றத்துக்குத்தான் துலக்க வரும். களிம்பேறிய பாத்திரத்தில் தீர்த்தம் வைத்தால் அது விஷம் என்று கேட்டு வளர்ந்தவள். அந்தப் பாத்திரங்களின் விளிம்பில் உபயம் செய்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். மற்ற இடங்களுக்குப் புளியும் சாம்பலும் போடலாம். பெயர் இருக்கும் இடத்தில் சாம்பல் படக்கூடாது. புளிக்கரைசலைத் தடவி விரல் நுனியாலேயே தேய்க்க வேண்டும். சாம்பல் பட்டால் எழுத்து மழுங்கும். பெயர் மழுங்கினால் கொடுத்தவருக்குச் செய்த துரோகம். அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம் அது. மணமான புதிதில் இதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். எனவே, தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

தை அமாவாசைக்கு முந்தைய நாள் மாலை ஆலையிலிருந்து வந்தேன். கூடத்தில் பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து, நாற்பத்தொரு காசுகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். புதுச் செம்பாகப் பளபளத்தன.

"பெருமாள் வட்டில் பக்கத்துல களிம்போட வெச்சிருந்தேள். நாளைக்கு அமாவாசை. பூஜைப் பாத்திரத்தோட இதையும் தேச்சுட்டேன். எப்படி இருக்கு, பாருங்கோ."

"எதால தேச்சே?"

"புளிதான். சாம்பல் போடலை. இதோ, இந்தக் கடைசி வரிசையில ஒண்ணுல எழுத்தாட்டம் தெரிஞ்சுது. அதை விரலாலயே..."

"போறும்."

கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலேயே பேசினேன். புளியில் உள்ள அமிலம் செம்பின்மேல் என்ன செய்யும் என்பதை முதலாண்டு மாணவனுக்கு விளக்குவது போல அடுக்கடுக்காகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அதை அன்று பண்பு என்று எண்ணினேன். முடிவில் சொன்னது இது:

"எண்ணூறு வருஷம் மண்ணு பண்ணின வேலையை ஒரு மத்தியானத்துல அழிச்சிருக்கே. உங்காத்துல தேய்க்கக் கத்துக்கொடுத்தா. எதைத் தேய்க்கப்படாதுன்னு ஒருத்தரும் கத்துக்கொடுக்கலை."

"தெரியாமப் பண்ணிட்டேன்," என்றாள். தாம்பாளத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

காசுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டேன். மறுநாள் காலை அமாவாசைத் தரிசனத்துக்காகப் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் திருவள்ளூர் சென்றோம். கோயில் குளத்தில் வேண்டுதல் வெல்லத்தைக் கரைக்க அவள் குனிந்தபோது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு கட்டைவிரல்களின் நுனியிலும் தோல் உரிந்திருந்தது. பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, எவ்வளவு சேதம் என்று கணக்கிடுவதற்காகக் காசுகளை வெளியே எடுத்தேன். பெரும்பாலானவற்றுக்குச் சேதம் உண்மைதான்; மேற்பரப்பு அரித்து, அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தன. என் சினம் முற்றிலும் தவறானது அல்ல என்பதே பின்னர் எனக்கு வசதியாகப் போயிற்று. கடைசி வரிசைக் காசு ஒன்றை உருப்பெருக்கும் ஆடியின் கீழ் வைத்தேன். அமர்ந்த உருவத்தின் கையருகே மூன்று தமிழ் எழுத்துகள் கூர்மையாக நின்றன. எழுத்துகளைச் சுற்றி மட்டும் ஒரு குழியும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. பச்சை ஏடு மூடியிருந்தபோது பலமுறை பார்த்தும் அவை என் கண்ணில் பட்டதில்லை. இப்பகுதியை ஆண்ட சிற்றரசர் ஒருவரின் பெயர் அப்படித் தொடங்கும். அந்தப் பெயரில் ஒரு காசை அதுவரை நான் எங்கும் பார்த்ததில்லை. எந்தப் பட்டியலிலும் படித்ததில்லை.

அவள் அடுத்த அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் ஓசை கேட்டது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். கட்டுரை வெளிவந்த பிறகு சொல்லலாம் என்று தீர்மானித்தேன்.

கட்டுரையில் "கட்டுப்பாடான வேதியியல் முறையில் தூய்மை செய்யப்பட்ட பின்" எழுத்துகள் வெளிப்பட்டதாக எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. இதழ் மேசை மேலேயே கிடந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வாரம் ஒருமுறை அதை எடுத்துத் தூசி தட்டி அதே இடத்தில் வைப்பாள்.

தரம் பிரிக்கும் தொழிலாளிக்கு மட்டும் காசைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சார் கழுவுனது? நீயா?"

"வீட்டில்."

"அதானே பாத்தேன். ஆம்பள கை இவ்ளோ பொறுமையா தேய்க்காது. அம்மாகிட்ட சொல்லிட்டியா, இன்னா எழுத்துன்னு?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டாள்."

"படுவாங்க சார். ராசா பேர கண்டுபுடிச்சிக் குடுத்துகிறாங்க, சும்மாவா. ஒரு பொடவ எடுத்துக் குடு."

புடவையும் எடுக்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் ஒருவாறு தாங்கியிருப்பேன். காசு பார்க்க வரும் நண்பர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை ஒன்று உண்டு: "ஆலை உலைக்குத் தப்பிச்ச காசுகூட எங்காத்துப் புளிக்குத் தப்பாது." அவர்கள் சிரிப்பார்கள். அவள் காபி டம்ளர்களை வைத்துவிட்டு, தானும் சற்றே சிரித்துவிட்டு உள்ளே போவாள். ஏழு ஆண்டுகள் இதைச் சொன்னேன். அந்த ஏழு ஆண்டுகளில் அவள் அந்த அலமாரியைத் தொடவில்லை. வெள்ளையடிக்க வந்தவர்கள் அதை நகர்த்தியபோதுகூட, என்னைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

சென்னை மருத்துவமனையில் ஒரு பிற்பகல். கஞ்சி குடித்து முடித்திருந்தாள். குனிந்து டம்ளரை வாங்கியபோது என் சட்டைக்குள்ளிருந்து சாவி வெளியே சரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் காசையெல்லாம் பாழாக்கிட்டேன். அது ஒண்ணுதான் மனசுல இருந்துண்டே இருக்கு."

ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்த எழுத்தை நீதான் கண்டாய் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஏழு ஆண்டு ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று அஞ்சினேன். அவள் கேட்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் அஞ்சினேன்.

"அதெல்லாம் இப்போ எதுக்கு? கொஞ்ச நேரம் தூங்கு," என்றேன்.

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

செய்யாமல் நிற்பவை:

இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்புவது. காசைத் தூய்மை செய்தவரும் எழுத்தை முதலில் கண்டவரும் என் மனைவி என்று அதில் இருக்க வேண்டும்.

அந்தக் காசை அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது. உலையிலிருந்து மீட்ட தொழிலாளியின் பெயரும் சேர வேண்டும். அவர் முழுப் பெயரை இதுவரை நான் கேட்டதில்லை.

அவரைத் தேடிப் போய், அன்று நான் சொன்னது பொய் என்று சொல்வது.

அந்த வேடிக்கைக்குச் சிரித்த நண்பர்களுக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, கடிதம்.

பூணூலிலிருந்து சாவியை அவிழ்ப்பது. இந்த ஆவணி அவிட்டத்திலும் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் முடிந்துகொண்டேன்.