வால்வு சூடாகும் வரை

ஜின், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போகிறவன் நான். சாய்ந்தமருதில் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். நீங்கள் நம்பாவிட்டால் குறை சொல்லமாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியைத் திருத்திக்கொடுத்ததும் நான்தான். அது கண்ணாடிக் குழாய் வால்வுகள் போட்ட அம்பிளிபயர். சுவிட்சைப் போட்டால் வால்வுகள் சூடேற அரை நிமிடம் எடுக்கும். அதற்குள் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார், ஊருக்கே மூத்த காக்கா, இரண்டு தரம் செருமிக்கொள்வார், ஊருக்குக் கேட்காது. பிறகு, நான் முற்றத்தில் நின்றால், மைக்கைத் தட்டி, "மாஸ்டர், கேக்குதா?" என்பார். "ஓம் காக்கா" என்பேன். பாங்கு தொடங்கும்.

அறுபது தாண்டிய குரல், பிசிறத் தொடங்கியிருந்தது. ஆனால் வால்வு எதையும் அப்படியே தருவதில்லை. குரலோடு அதன் மேல்ஸ்தாயியையும் மெல்லச் சேர்க்கும், குரல் மிஞ்சினால் உச்சியை வெட்டாமல் உருட்டிவிடும். புத்தகத்தில் அதற்குப் பெயர் திரிபு. ஊர் அதை மோதினாரின் இனிமை என்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் சொல்லைக் கேட்டுத்தான் திரான்சிஸ்டர் அம்பிளிபயர் வாங்கினார்கள். போட்ட கணமே வேலை செய்தது, முதல் நாளே அவருடைய செருமல் கடற்கரை வரை போனது. "காக்காக்குத் தடிமன், கொத்தமல்லி அவிச்சிக் குடுங்க" என்று மீன்வாடியில் சிரித்தார்கள். குரல் உயர்ந்த இடமெல்லாம் தகரம் கிழிந்தது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்காயர் கேட்டார். "மாஸ்டர், உள்ளதச் செல்லுங்க. பிழை மெஷின்லயா, மோதினார்ட தொண்டையிலயா?"

மோதினார் பக்கத்தில்தான் நின்றார். பழைய வால்வுப் பெட்டியைத் திரும்பப் பூட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். என் தெரிவு பிழை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"தொண்டையிலதான்" என்றேன்.

"மாஸ்டர் படிச்ச ஆள், பொய் செல்லமாட்டார்" என்றார் மோதினார். அந்த வெள்ளியோடு அவரை நிறுத்தினார்கள். எட்டு மாதத்தில் மவுத்தானார்.

பழைய அம்பிளிபயர் என் வீட்டுக்கு வந்திருந்தது. ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் இரண்டு வால்வுகளையும் கழற்றிக் கடதாசியில் சுற்றி மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அவருடைய நாற்பதாம் நாள் ஓதல் முடிந்த மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குச் சற்று முன், பெட்டியில் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டேன். மைக் இல்லை, ஸ்பீக்கர் மட்டும் பெட்டியோடு பூட்டிக் கிடந்தது.

அரை நிமிடம் போனது. ஸ்பீக்கரில் இரண்டு செருமல். பிறகு அதே உருண்ட குரல்.

"மாஸ்டர், கேக்குதா?"

வயரைப் பிடுங்கினேன். வானொலி அலை ஏதும் புகுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு வால்வும் இல்லாமல் எந்த அலையும் ஸ்பீக்கரை எட்டாது, அதை நானே கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். லாச்சியைத் திறந்து கடதாசியைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். பெருவிரல் பொசுங்கிவிட்டது.

வீட்டில் கேத்தல் சுட்டதென்று சொன்னேன். அதுவும் பொய். பள்ளிவாசலில் எத்தனையோ மெஷின் மாறிவிட்டது, அந்தத் தழும்பு மட்டும் மாறவில்லை. அஸர் பாங்குக்கு அரை நிமிடம் இருக்கும்போது அது சுடத் தொடங்கும். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.