அப்பாவின் கையில் ஒரு போர்டு

திரைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். வளைகிற திரை செய்யும் இடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, செய்ததை ஒடித்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் தாள், பசை, ஒளிவிடும் படலம், மறுபடி பசை, மேலே ஒரு காப்புத் தோல் என்று அடுக்கி வரும் துண்டை இரண்டு தகடுகளுக்கு நடுவே பொருத்தி இயந்திரத்தை ஓடவிடுவாள். தகடுகள் வாயை மூடித் திறப்பது போல மடக்கும், விரிக்கும், மறுபடி மடக்கும். முதல் கருங்கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீ தொட்டாலே ஒடியுதுடி" என்பாள் பசைப் பிரிவில் இருந்த தோழி.

"நீ ஒழுங்கா ஒட்டினா ஏன் ஒடியுது?" என்பாள் இவள். மதியம் இருவருக்கும் சாப்பாடு ஒரே டப்பாவில்.

மேலாளருக்குப் பெயர் 'நாளைக்கே'. எதைக் கேட்டாலும் நாளைக்கே வேண்டும் என்பார். ஒரு நாள் புதிய வேலையோடு வந்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் மணிக்கட்டில் கட்டுகிற துணி மாதிரியான திரை. மெத்தை விரிப்புக்கு அடியில் எடையையும் ஈரத்தையும் உணரும் ஒரு தாள் இருக்கும். ஒரே பக்கம் ரொம்ப நேரம் படுத்திருந்தால் 'திருப்பவும்' என்று திரையில் எழுத்து வரும். நனைந்துவிட்டால் 'ஈரம், மாற்றவும்' என்று வரும். வார்டில் நடந்துபோகிற எந்த நர்சும் தூரத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். படுக்கைப் புண் வந்தவர்களைப் பார்த்திருந்தால் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். கெட்டித் திரையாக இருந்தால் வயதானவர்களின் தோல் கிழிந்துவிடும். அதனால்தான் வளைகிற திரை.

"ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிஜ நோயாளிகிட்ட பார்க்கணும். யாராவது தெரியுமா?" என்றார் நாளைக்கே.

"எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார் சார்" என்றாள் மடிப்பு.

அந்தப் பெரியவர் அவளுடைய அப்பா. தெருவில் ஒரு பெரியவர் என்று சொல்ல அவளுக்கு நாக்குத் தடுமாறவே இல்லை. அப்பா நனைத்துக்கொள்கிறார் என்பது வேலை செய்யும் இடத்தில் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பின்வாசலில் நின்று கூப்பிட்டால் முன்வாசலில் தொங்குகிறவன் உள்ளே ஏறுவான். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இடது கை. அந்தக் கையால் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, வேண்டாம். இரண்டு தட்டு என்றால் சரி, போகலாம். பஸ்ஸில் மணி அடித்த பழக்கம். வீடே அந்த இரண்டு தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளப் பகலில் ஒரு பெண் வருவாள். வீட்டில் அவளைப் பகலக்கா என்பார்கள். பகலக்கா துணி மாற்றும்போது மடிப்பு அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

திரையைக் கொண்டுவந்த அன்று அப்பாவிடம் முறையாகத்தான் கேட்டாள். "கையில கட்டலாமாப்பா? உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. என் வேலைப்பா."

அப்பா கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டாவது தட்டு வருகிறதா என்று அவள் காத்திருக்கவில்லை. "சரின்னுட்டார்" என்று சொல்லிக்கொண்டே விரிப்புக்கு அடியில் தாளைச் செருகி, திரையைக் கட்டிவிட்டாள். பகலக்கா ஏதோ சொல்ல வந்து, துவைக்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

வாரத்தில் ஒரு நாள் டிரைவர் மாமா வருவார். அப்பாவோடு ஒரே பஸ்ஸில் ஓடியவர். படியேறும்போதே அவருடைய இருமல் மேலே வந்துவிடும். அந்த வாரமும் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், "என்ன கண்டக்டரே, இன்னிக்குக் கலெக்ஷன் எப்படி?" என்று ஆரம்பித்தார். அப்பாவின் இடது வாயோரம் சிரித்தது. மாமா பழைய கதை ஒன்றைப் பாதி சொல்லியிருப்பார். அப்போது அப்பாவின் மணிக்கட்டில் வெளிச்சம் வந்தது. கொட்டை எழுத்து. பச்சை நிறம்.

மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஈரம்... மாற்றவும்." ஒரு நொடி விழித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். "டேய், உன் கையிலயே போர்டு மாட்டிட்டாங்களாடா! எந்த ஊருக்கு வண்டின்னு தெரியாம ஏற முடியாது பாரு!"

சங்கடத்தை மூடத்தான் அவர் அப்படிச் சிரித்தார், பாவம். ஆனால் மடிப்பு என்ன செய்தாள்? கதவோரம் நின்றவள் உள்ளே ஓடி வந்தாள். "பார்த்தீங்களா மாமா, சாய்ஞ்சு பார்த்தாலும் எவ்வளவு தெளிவா இருக்கு! வளைச்சுக் கட்டியிருக்கேன், ஒரு புள்ளிகூட அணையலை!" என்றாள். அப்பாவின் கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிக்கூடக் காட்டினாள். அப்பா சுவரைப் பார்த்தார். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, நான் வர்றேம்மா" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் திரை ஒடிந்தது. புதிதாகக் கொண்டுவந்தாள். அதுவும் ஒடிந்தது. "அப்பா, கழட்டிடாதீங்க, என் வேலையே இதுலதான் இருக்கு" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லி மூன்றாவதைக் கட்டினாள். அதன் கதியும் அதேதான். மூன்றிலும் கோடு நீளவாக்கில், ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஓடியது. கையில் சுற்றிக் கட்டுகிற திரை ஒடிந்தால் குறுக்கேதான் ஒடியும். அவளுடைய இயந்திரம் மடக்குவதும் குறுக்கேதான். நீளவாக்கில் ஒடிகிற விதம் யாருக்கும் பிடிபடவில்லை.

நாளைக்கே துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நோயாளியால என்ன பண்ண முடியும், அசையவே முடியாதவர். பசை ஒரே சீரா இறங்கலை. அதான் விஷயம்." பசைத் தோழி பேக்கிங்குக்கு மாற்றப்பட்டாள். "கை நடுங்குதோ என்னமோ, கொஞ்ச நாள் அட்டைப் பெட்டி ஒட்டட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தோழி மடிப்பைப் பார்த்தாள். நோயாளிக்கு இடது கை நன்றாக இருக்கிறது என்று மடிப்பு சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால்? தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்காவது திரை அப்பாவின் கையில் இருந்தபோது, ஒரு நாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய்ச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா வருகிற நாள். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் அறை வாசலுக்கு வந்தாள். கீழே படியில் மாமாவின் இருமல் கேட்டது. அவளுக்குக் கேட்டது அப்பாவுக்கும் கேட்டது.

அப்பாவின் இடது கை வலது மணிக்கட்டுக்குப் போனது. பட்டையை இழுத்துக் கழற்றியது. திரையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, விரல்களுக்கு நடுவே செருகி, கட்டைவிரல் நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி இழுத்தது. ரூபாய் நோட்டை விரலிடுக்கில் வைக்கக் கண்டக்டர்கள் மடிக்கிற அதே மடிப்பு. பச்சை வெளிச்சம் துடித்து அணைந்தது. பிறகு பல்லால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு, மறுபடி கட்டிக்கொண்டார். நிமிர்ந்தபோது மகள் வாசலில் நின்றாள்.

அப்பா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிக்கிறவர்களைப் பஸ்ஸே சிரிக்கும்படி எழுப்பியவர் அவர். இப்போது இமை துடிக்கத் துடிக்கத் தூங்கினார்.

அவளுக்கு முகம் எரிந்தது. தெருவில் ஒரு பெரியவர் என்று சொல்லித் தான் மறைத்ததை, அவர் கையிலேயே கொட்டை எழுத்தில் எரியவிட்டிருக்கிறாள். அதைத் தூக்கிப் பிடித்தும் காட்டியிருக்கிறாள். அந்த ஒற்றைத் தட்டு காதில் கேட்டது. அன்றைக்கும் நன்றாகக் கேட்டதுதான்.

மறுநாள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னாள். "பசை மேல தப்பு இல்ல சார். அந்த நோயாளி எங்க அப்பா. யாராவது வரும்போது எழுத்து தெரியக்கூடாதுன்னு அவரே மடிச்சு ஒடிக்கிறார்."

 நாளைக்கே தொண்டையைச் செருமினார். "சரி. நீளவாக்கு மடிப்புக்கும் ஒரு டெஸ்ட் வைம்மா, நாளைக்கே. திரையை அவரைப் பார்த்துக்கறவங்க கையில கட்டிடலாம், அவர் கையில வேண்டாம். உங்க அப்பாவுக்கு அடியில தாள் மட்டும் இருக்கட்டும். டெஸ்டுக்குக் கிடைச்ச ஆளை விட்டுடாதே."

தோழி பசைப் பிரிவுக்குத் திரும்பி வந்தாள். மதியம் மடிப்பு டப்பாவைத் திறந்து நகர்த்தி வைத்தபோது அவள் உட்காரவில்லை.

"அப்பான்னு சொல்ல என்னடி வெட்கம்? நான் என் கையையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். வீட்டுல டம்ளரைத் தூக்கி, நடுங்குதா நடுங்குதான்னு பார்த்துட்டிருந்தேன்." சொல்லிவிட்டு பேக்கிங் பெண்களோடு போய்ச் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படித்தான். மடிப்பு டப்பாவை மூடி வைத்தாள்.

அப்பாவின் கையில் இருந்ததைக் கழற்றிவிட்டு, புதிய திரையைப் பகலக்காவின் கையில் சுற்றிக் காட்டினாள். "இனிமே உங்க கையிலதான்கா தெரியும்."

"எனக்கு எதுக்கும்மா இது? மூக்கு இருக்கு" என்றாள் பகலக்கா. ஆனாலும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றாள்.

மடிப்பு கட்டில் பக்கம் உட்கார்ந்தாள். "அப்பா, உங்க கையில ஒண்ணும் இருக்காது. அடியில ஒரு தாள் மட்டும். அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அது அப்படியே இருக்கலாமா?"

அப்பா ஒரு தட்டுத் தட்டினார்.

இந்த முறை காத்திருந்தாள். கை மேலே எழுந்தது.  கை போய்த் தாடையைச் சொறிந்துவிட்டு, போர்வை மேல் வந்து படுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். 

"சரிப்பா" என்றாள். பகலக்காவின் கையிலிருந்து திரையைப் பிரித்துச் சுருட்டினாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தாளை உருவினாள். ஈரமாகத்தான் இருந்தது. பகலக்கா புதுத் துணியை எடுக்க, மடிப்பு எழுந்து கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அடுப்படியில் வேலை இல்லை. எந்தப் பக்கம் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று பகலக்கா சொல்லச் சொல்லப் பிடித்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டார். அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

போர்வையை இழுத்துவிடும்போது படியில் இருமல் கேட்டது. அப்பாவின் இடது கை அவசரமாக வலது மணிக்கட்டுக்குப் போனது, தடவியது, அங்கே ஒன்றும் இல்லை என்று இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்தது. மடிப்பு அதைப் பார்க்க முடியாமல் கதவைத் திறக்கப் போனாள்.