குளிர்ந்த குழலின் முதல் குண்டு

துப்பாக்கியை மாவு நிறுக்கும் தராசில் படுக்கவைத்து எடை பார்த்தவள் மொன்டானா மாநிலத்திலேயே வெர்னா ஒருத்தியாகத்தான் இருப்பாள். தராசு அவள் புருஷன் ஆர்லோவுடையது. அந்த வீட்டில் ரொட்டி சுடுபவன் அவன், துப்பாக்கி பிடிப்பவள் அவள். அவனுக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா, கல்யாணமான வருஷத்திலிருந்து மலைச் செம்மறிக் கடா வேட்டை அனுமதிக்கான அரசுக் குலுக்கலில் பெயர் கொடுத்து வந்தாள். சீட்டு விழுந்தது இப்போதுதான். வயது அறுபதைத் தொடுகிறது, முழங்கால் இரண்டும் பழைய கதவுபோல முனகுகின்றன. கடாக்களோ மரமே முளைக்காத உயரத்தில் திரிபவை. ஒருமுறை சீட்டு விழுந்தால் பல வருஷம் மறுபடி பெயர் கொடுக்க முடியாது. அதற்குள் அவள் மாடிப்படி ஏறினாலே பெரிய விஷயம். ஒரே மலை, ஒரே கடா, அவ்வளவுதான். அப்பா விட்டுப்போன துப்பாக்கி கடப்பாரைக் கனம் கனத்தது.

துப்பாக்கி பழுது பார்க்கும் லாயிட் அவளுடன் ஒரே வகுப்பில் படித்தவன்.

“குழலைக் குட்டையாக்கி, லேத்துல போட்டு மெலிசாக் கடைஞ்சு தா” என்றாள்.

“அதவிட ஆர்லோவோட ரொட்டியத் தின்னு நீ ஏத்தின சதையக் கடைஞ்சா நெறய கனம் கொறையுமே தாயே!”

“அதுக்கு உன் லேத்து பத்தாது. வேலையப் பாரு.”

“பாக்கறேன். ஆனா மெலிஞ்ச குழல் சூடேறினா கோணிக்கும். அப்புறம் இங்க வந்து அழக்கூடாது.”

அவன் சொன்னபடியேதான் ஆனது. கல்குவாரியில் காகிதம் மாட்டி அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்தாள். முதல் குண்டு நடுவில் பாய்ந்தது. இரண்டாவது மேலே ஏறியது. மூன்றாவது இன்னும் மேலே போய் வலப்பக்கம் ஒதுங்கியது. வெர்னா அழவில்லை. முதல் குண்டு மட்டும் ஏன் ஒழுங்காகப் போகிறது என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. யோசித்தால், கடாவுக்கு முன்னால் அந்த முதல் குண்டுதானே எல்லாம்? மூன்றாவது குண்டுவரை எந்தக் கடா நின்றுகொண்டிருக்கும்?

தினமும் காலையில் குவாரிக்குப் போனாள். அதே காகிதம், குளிர்ந்த குழல், ஒரே குண்டு. உடனே வீடு திரும்பிவிடுவாள்.

“பல்லு தேய்க்கற மாதிரி தினம் ஒண்ணா!” என்று ஆர்லோ கேலி செய்தான்.

கோடை முழுக்க ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு நாள் மட்டும் மூன்று விரல் கீழே, இடப்பக்கமாக விழுந்தது. முந்தின மாலை குழலைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தாள். கை தவறா, எண்ணெயா? வேண்டுமென்றே மறுபடி துடைத்துச் சுட்டாள். அதே இடம். இன்னொரு முறை. அதே இடம். புதையல் கிடைத்ததுபோல் காருக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். இனி வேட்டை முடியும்வரை துடைப்பதில்லை என்று தனக்குள் முடிவு செய்து, பனி புகாமல் குழலின் வாயில் கறுப்பு டேப் ஒட்டி வைத்தாள்.

வேட்டை நாளில் ஆர்லோ அடிவாரம்வரை வண்டி ஓட்டி வந்து, ஃபிளாஸ்கோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். வெர்னா ஏறினாள். உச்சிக்குச் சற்றுக் கீழே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கடா படுத்திருந்தது. தூரம்தான், ஆனாலும் அவளுக்குச் சுடப் பழக்கமான தூரம். பையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்தாள்.

குழலின் வாயில் இருந்த டேப் கறுப்பில்லை, நீலமாக இருந்தது. ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டும் ஆள் அவள் வீட்டில் ஒருவன்தான். துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து முகர்ந்தாள். எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது.

“அட மடையா!” என்று பல்லைக் கடித்தாள்.

துடைத்தெடுக்கக் கையில் ஒன்றுமில்லை. எண்ணெய் எரிந்து போக வெறுமனே ஒரு குண்டு போட்டால், சத்தத்தில் கடா மலை தாண்டிப் போய்விடும். மூன்று விரல் என்பது குவாரித் தூரத்தின் கணக்கு, இங்கே அது ஒரு சாணாக விரியுமோ இன்னும் கூடுமோ, அவள் சுட்டுப் பார்த்ததில்லை. குண்டு குடலில் பட்டு, கடா எங்கோ பாறையிடுக்கில் கிடந்து சாகும். அதை அவளால் தாங்க முடியாது. குவாரித் தூரத்துக்குக் கிட்டப் போனால் மூன்று விரல் மூன்று விரலாகவே இருக்கும்.

தவழ்ந்தாள். சரளைக்கல் முழங்காலைக் கிழித்தது. துப்பாக்கி முழங்கை மடிப்பில் கிடந்தது. பழைய கனம் இருந்திருந்தால் பாதியிலேயே படுத்திருப்பாள். குவாரிக் காகிதத்தின் தூரத்துக்கு வந்தபோது கடா எழுந்து நின்றது. கொம்பின் நுனி உடைந்திருந்தது, மூக்கு ஈரமாக மின்னியது. இத்தனை கிட்டத்தில் ஒரு கடாவைப் பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. மூன்று விரல் மேலே, வலப்பக்கம் தள்ளிக் குறி வைத்துச் சுட்டாள்.

கடா இரண்டடி நடந்து, களைத்ததுபோல் உட்கார்ந்து, சாய்ந்தது. வெர்னா கொஞ்சம் அழுதாள்.

இறைச்சியை அறுத்து மூட்டை கட்டிச் சுமந்து இறங்கும் வழியெல்லாம் ஆர்லோவைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தாள். ஆர்லோ பாதி மலை ஏறி எதிரே வந்துவிட்டான். அவன் நகத்தில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.

“ஒழுங்காச் சுட்டுச்சா? நீ தூங்கினப்புறம் நான்தான் தொடச்சு வச்சேன். உனக்கு இது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல.”

வெர்னா அந்த நகக்கறையைப் பார்த்தாள், சேர்த்து வைத்த வசவையெல்லாம் விட்டுவிட்டாள்.

“ரொம்பக் கிட்டப் போனேன் ஆர்லோ. மூக்கு ஈரம் தெரியற அளவுக்கு. உன்னாலதான் போனேன்.”

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இறைச்சி மூட்டையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, துப்பாக்கிக்கும் கை நீட்டினான்.

அதை மட்டும் அவள் தரவில்லை.