எட்டுக் கம்பெனிக் கால்மிதி

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் கழிப்பறை கழுவும் பெண்மணி எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் தலைகுனிய வேண்டாம். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனியும் சொல்லாது. அது சொல்லாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது.

ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளி. ஆண்டிறுதி விடுமுறை. பிள்ளைகள் இல்லாத கேண்டீனில், துப்புரவு வேலை செய்யும் நவமணியின் எதிரே இஃபத் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழக ஆய்வாளர். அடிமட்டத் தொழிலாளர்களின் கூலி ஏன் நகராமல் கிடக்கிறது என்பது அவளுடைய ஆய்வு.

"கிளீனர் வேலையில யாரும் ரெண்டு வருஷம்கூட நிக்கிறதில்லக்கா. சராசரி இருபத்திரண்டு மாசம். அனுபவம் சேர்றதுக்குள்ள போயிடுறாங்க. அதனாலதான் சம்பளம் ஏறலன்னு நெனைக்கிறேன்."

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த குமுதாவுக்குப் புரையேறியது. மாடிப்படிகளும் மண்டபமும் அவள் பொறுப்பு. "மணிக்கா, நாம எப்பக்கா போனோம்? எனக்குச் சொல்லாம போயிட்டு வந்துட்டீங்களா?"

நவமணி சிரிக்கவில்லை. "இந்தக் கணக்க உனக்கு யாருமா குடுத்தா?"

"கம்பெனிங்கதான். வேலைக் கடிதத்துல இருக்குற தேதிய வெச்சுப் போட்டேன்."

"நான் இங்க வந்து வர்ற ஜனவரியோட இருபத்து நாலு வருஷம்."

இஃபத் நிமிர்ந்தாள்.

சங்கதி இதுதான். பள்ளியைச் சுத்தம் செய்யும் குத்தகை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கை மாறும். வாளி அதே வாளி, குழாய் அதே குழாய், தேய்க்கிற கையும் அதே கை. சட்டை மட்டும் வேறு நிறத்தில் வரும், கூடவே ஒரு புதுக் கடிதமும் வரும். அந்தக் கடிதத்தில் நவமணி அன்றைக்குத்தான் முதன்முதலாகத் துடைப்பம் பிடித்தவர். மூன்று மாதம் தகுதிகாண் காலம். ஐந்து வருடம் முடித்த தொழிலாளிக்குச் சட்டம் பதினாறு நாள் ஆண்டு விடுமுறை தருகிறது. நவமணி ஐந்தாம் வருடத்தைக் காகிதத்தில் எட்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் எட்டு நாளிலிருந்து ஆரம்பம். அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் அவருக்கும் ஏறும். மற்றபடி, இன்று காலை சேர்ந்தவருக்கும் அவருக்கும் ஒரே சம்பளம்.

"ஒவ்வொரு தடவையும் கோசோங்ல இருந்து," என்றார் நவமணி. "மறுபடியும் பூஜ்யம்லா. பரீட்சையில முட்ட வாங்குற பிள்ளைக்குக்கூட அடுத்த வருஷம் வகுப்பு மாறுது."

வருடங்களுக்கு விலை உண்டு என்பது அவருக்குப் பழைய பாடம். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரங்களைத் தள்ளி வீடுகள் கட்டுவதற்காகத் தோட்டத்தை விற்றபோது, அப்பாவுக்கு இருபத்தாறு வருடத்துக்கும் நட்ட ஈடு கிடைத்தது. வேலையாட்கள் பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. அதே மர நிரையில் அதே விடியலில் கூடவே நின்று பால் வெட்டிய அம்மாவின் பெயர் அதில் இல்லை. புருஷனுக்கு ஒத்தாசை என்ற கணக்கில் பத்தொன்பது வருடம் போயிருந்தது. ஆபீஸ் ஜன்னலில் தோட்டக் கணக்கரான கிராணி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அம்மா வீட்டுக்கு வந்து, விதி என்றார். நவமணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. அது விதி எழுதியதல்ல, கிராணி எழுதாமல் விட்டது என்று அன்றைக்கே அவருக்குப் பட்டது. அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை.

"ஆதாரம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாக்கா? பழைய கடிதம்?" என்று கேட்டாள் இஃபத்.

"கடுதாசி குடுத்தா வெச்சிருக்க மாட்டோமா? சைன் வாங்கிட்டு அவங்களே கொண்டு போயிருவாங்க." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு வாமா. ஒண்ணு இருக்கு."

மறுநாள் பிளாஸ்டிக் பையில் ஒரு கால்மிதியைக் கொண்டுவந்து மேசைமேல் உதறினார். கம்பெனிகள் தரை துடைக்கப் போதிய துணி கொடுத்ததில்லை. கிழிந்த சட்டைகளையும் குத்தகை முடிந்த சட்டைகளையும் வெட்டித்தான் துடைத்தார்கள். வெட்டும்போது கம்பெனிப் பெயர் தைத்த சட்டைப்பையை மட்டும் நவமணி எடுத்து வைத்துக்கொள்வார். பச்சை, கருநீலம், ஆரஞ்சு, சாம்பல் என்று எட்டுப் பைகள், வரிசை மாறாமல், கோணிமேல் தைக்கப்பட்டிருந்தன.

"எட்டு முதலாளியும் எங்க வீட்டு வாசல்லதான் கிடக்குறாங்க. தினமும் மிதிச்சிட்டுத்தான் உள்ள போவேன்."

"அதான் முட்டி வலி," என்றாள் குமுதா. "மிதிச்சு மிதிச்சு."

இஃபத்தின் விரல் ஆரஞ்சுப் பையில் நின்றது. "இந்தச் சட்ட... நான் இங்க படிக்கறப்ப..."

"ரெண்டாயிரத்து ஒம்போதுல ஒண்ணாம் பாரம் படிக்க வந்த. சாப்பாட்டுக் கடை சிக்கந்தர் அண்ணன் மக. பரீட்சை அன்னிக்குப் பயந்து வாந்தி எடுத்தியே, நான்தான் மொகத்தக் கழுவிவிட்டு உள்ள அனுப்பினேன். நேத்து நீ உக்காந்தப்பவே தெரிஞ்சிருச்சு. நீயா கேப்பன்னு பாத்தேன்."

இஃபத் அந்தப் பையிலிருந்து விரலை எடுத்தாள்.

"அஞ்சு வருஷம் என்னயத் தாண்டித் தாண்டித்தான் வகுப்புக்குப் போன. உன் கணக்குல நான் இருபத்திரண்டு மாசம்."

மடிக்கணினி மூடிய சத்தம் காலிக் கேண்டீனில் பெரிதாகக் கேட்டது. "நான் எழுதிக் குடுக்கறேன்கா," என்றாள் இஃபத். "உங்கள எப்பலேருந்து இங்க பாத்தேன்னு. கையெழுத்துப் போட்டு."

பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒன்பதாவது கம்பெனி வந்தது. மேற்பார்வையாளர் யுகேந்திரனுக்கு இருபத்தேழு வயது இருக்கும். மேசைமேல் மஞ்சள் சட்டைகள் ஒரு மூட்டை, பதினொரு பெண்களுக்குப் பதினொரு கடிதங்கள்.

"சைன் பண்ணிட்டுச் சட்டய எடுத்துக்குங்கக்கா. திங்கக்கெழம பசங்க வாராங்க."

கடிதத்தில் ஒரு வரி: முந்தைய பணிக்காலம், இல்லை. நவமணி அந்த 'இல்லை'யை அடித்தார். 2002 ஜனவரி முதல் இந்தப் பள்ளியில் வேலை செய்கிறேன் என்று மலாயில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"என்னாக்கா இது. கடுதாசியக் கெடுத்துட்டீங்களே."

"கெட்டுப்போன கடுதாசியத் திருத்தியிருக்கேன் தம்பி."

இன்னொரு பிரதி கொடுத்தான். அதிலும் எழுதினார். மூன்றாவது கொடுத்தான்.

"பேப்பர் நெறைய வெச்சிருக்கியா? என் பேனாவுலயும் மை இருக்கு."

"வேலை போயிரும்க்கா. நான் சொல்லல, பாஸ் சொல்வாரு."

குமுதா நவமணியின் முழங்கையைப் பிடித்தாள். வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளும் அவள் முகத்தில் தெரிந்தன. "நம்ம தலையெழுத்துக்கா. விட்டுருங்க."

"தலையில எழுதினத நான் பாக்கல குமுதா. இத எழுதினது யாருன்னு தெரியும். கீழ போன் நம்பரே போட்டிருக்கான் பாரு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமுதா தன் கடிதத்தை எடுத்தாள். 2011 என்று எழுதியது கோணலாக விழுந்தது, ஆனால் விழுந்தது. அதற்குப் பிறகு பேனா ஒவ்வொரு கையாகப் போனது. 2006. 2015. 2019.

யுகேந்திரன் வெளியே போய்த் தொலைபேசியில் பேசினான். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்கம்மாவும் கிளீனர்தான்க்கா. ஆஸ்பத்திரியில."

"எத்தன வருஷமா?"

அவனுக்குத் தெரியவில்லை.

சனி, ஞாயிறில் புதிதாகப் பதினொரு பேரை எங்கிருந்து பிடிப்பது? திருத்திய கடிதங்களையே கம்பெனி வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டதே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே பதினொரு பேரும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்திருக்கிறார்கள். இஃபத் தன் பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தத் தடவை கம்பெனிகளை விட்டுவிட்டுப் பெண்களிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் விசாரணை. கால்மிதியை ஆதாரமாக ஏற்க முடியாது என்று கம்பெனித் தரப்பு சொல்கிறது. பார்த்தவர்கள் சொல்லட்டும் என்கிறது.

பார்த்தவர்கள் யார்? ஒரு பள்ளியில் இருபத்து நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள். வழக்கறிஞராகி, மருத்துவராகி, ஆசிரியராகிவிட்ட அத்தனை பேரும் அந்த ஈரத் தரையில் நடந்துதான் போனார்கள். நீங்களும் ஏதோ ஒரு பள்ளியில் அப்படித்தான் நடந்து போயிருப்பீர்கள்.

அங்கே திரும்பப் போங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். எந்த வருடம் முதல் அவரை அங்கே பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அதை அவர் கையிலேயே கொடுங்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் அங்கேதான் இருப்பார்.