அம்மா பூட்டா

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். என் கணவருக்கு வளைகுடா நாட்டில் வேலை. அங்கே பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆவடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை என்பதால் நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸில்தான்.

நாங்கள் இருந்த அந்த ஊரில் குழந்தைகளை வெளியே கூட்டிப் போவதென்றால் மால்தான். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கோயிலுக்குப் போவது மாதிரி தலைவாரி, பவுடர் போட்டுக் கிளம்பிவிடுவோம். பெரிதாக ஒன்றும் வாங்க மாட்டோம். சின்னவளை ட்ராலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு, ஏசி குளிரில் மணிக்கணக்காகச் சுற்றுவோம். ஒருமுறை அவள் ட்ராலியிலிருந்து இறங்கி எங்கேயோ போய்விட்டாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சிறிது நேரத்தில் மைக்கில் அறிவித்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால், கவுன்டரில் ஒரு பெண், எந்த நாட்டுக்காரியோ, என் மகளை மடியில் வைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து தடவையாவது தேங்க்யூ சொல்லியிருப்பேன்.

ஆவடி வந்ததும் பார்த்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "அங்கெல்லாம் ஒரு ஊக்கு தொலைஞ்சாக்கூடத் திரும்பக் கிடைச்சிடும். நம்ம ஊர்ல நடக்குமா?" என்பேன். அம்மா பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

அந்த வாரம் ஆடித் தள்ளுபடிக்காகக் கடைத்தெருவுக்குப் போனேன். பெரியவனை அப்பாவிடம் விட்டுவிட்டு, மூன்றரை வயதுச் சின்னவளை மட்டும் கூட்டிப் போனேன். பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். கூட்டமான கூட்டம். மைக் செட்டில் பாட்டு காதைக் கிழித்தது. ஒரு நைட்டியை விரித்துப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ட்ராலியைப் பிடித்தே பழகிய எனக்கு, குழந்தையின் கையை விட்டுவிட்டோம் என்பதுகூட உறைக்கவில்லை. குனிந்து பார்த்தபோது அவள் இல்லை.

கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினேன். அப்போதுதான் பார்த்தேன். அழுக்குப் புடவை கட்டிய ஒரு பெண் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து போய்க்கொண்டிருந்தாள். பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடுங்கினேன். "இந்தப் பொம்பளை உன்கிட்ட என்னடி சொன்னா?" என்று உலுக்கினேன்.

என் மகள் விக்கி விக்கி அழுதாள். "அம்மா பூட்டா, அம்மா பூட்டான்னு சொன்னாங்கம்மா. நம்மளைப் பூட்டி வைக்கப் போறாங்களா?"

அவ்வளவுதான். "ஐயோ, பிள்ளை பிடிக்கிறவ! பூட்டி வைக்கப் பார்த்தாளாம்!" என்று அலறினேன். சொல்ல வேண்டுமா, நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஓர் ஆள் அவள் முடியைப் பிடித்தான். இன்னொருத்தி முதுகில் அறைந்தாள். அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் உடைந்து கீழே விழுந்தன. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் நாலு போடட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் முடியை விடுவித்துக்கொள்ளக்கூட முயலாமல் என்னைப் பார்த்துதான் பேசினாள். "இன்னாம்மா பேசற நீ? புள்ள அய்துகினு நின்னுச்சு. 'ஒங்கம்மா எங்க பூட்டா'ன்னு கேட்டேன். அது தப்பா? எங்கூட்லயே மூணு பொட்டப் புள்ள கீது. உன் புள்ளய இட்டுகினு போயி நான் இன்னா பண்ணப் போறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பூட்டா என்றால் போய்விட்டாள். இது தெரியாதா எனக்கு? பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், தண்ணீர்க் குழாயடியில் இருபது வருஷம் கேட்டு வளர்ந்த பேச்சு. எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அதனால் அந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்தால் அம்மா வாயிலேயே போடுவாள். நானும் என் பிள்ளைகளுக்கு அது ஒட்டிவிடக் கூடாதென்று கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். குழந்தைக்குத் தெரியாதது நியாயம். எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் புடவையைப் பார்த்ததும் பூட்டு என்றுதான் என் புத்தி போனது.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மைக் செட்டில் பாட்டு நின்றது. "பக்தர்களுக்கு ஓர் அறிவிப்பு. மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை ஒன்று வழிதவறி வந்துள்ளது. குழந்தை நைட்டிக் கடை எதிரே கீரை விற்கிற அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. தாயார் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்."

எல்லோரும் என் மகளின் மஞ்சள் கவுனைப் பார்த்தார்கள். முடியைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டு மெல்ல நழுவினான். கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்தது. கோயிலில் சொல்லிவிட்டு, தாய் தேடி வருவாளே என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தான் கீரை விற்கிற இடத்துக்குத்தான் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டு கடைப்பக்கம் திரும்பினாள். "ஐயோ" என்றாள். கோணிமேல் அடுக்கியிருந்த கீரைக் கட்டுகளை ஒரு மாடு சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதை விரட்டினாள். மிச்சம் இருந்த தண்டுகளைப் பொறுக்கித் தண்ணீர் தெளித்து மறுபடி கட்டத் தொடங்கினாள். நான் மரம் மாதிரி நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "புள்ளய கெட்டியா புட்சிகினு போம்மா" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கேட்கவில்லை. யாராவது என்னைப் பார்த்துவிடப் போகிறார்களே என்று தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு விடுமுறையில் மூன்று வாரம் மிச்சமிருந்தது. அந்தத் தெருவுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

வீட்டில் பாதிக் கதையைத்தான் சொன்னேன். குழந்தை தொலைந்தது, ஒரு கீரைக்காரம்மா கண்டுபிடித்துக் கொடுத்தார், 'பூட்டா'வைப் பூட்டு என்று இவள் நினைத்துக்கொண்டாள் என்று. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு நான் கடைக்குப் போனாலும் "அம்மா பூட்டா", குளிக்கப் போனாலும் "அம்மா பூட்டா" என்று எங்கள் வீட்டுக் கேலியாகவே ஆகிவிட்டது. இப்போது அந்தச் சின்னவள் தன் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள்.

மற்றப் பாதியை இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். ஏதோ ஒரு நாட்டுக்காரிக்குப் பத்து தடவை நன்றி சொன்ன நான், என் ஊர்க்காரிக்கு ஒரு தடவைகூடச் சொல்லாமல் வந்தேன். எல்லோரும் அந்தக் கேலிக்குச் சிரிக்கும்போது நானும் சிரித்து வைக்கிறேன். கண்ணுக்குள் மட்டும் உடைந்த வளையலோடு ஒரு கை தண்டுக்கீரையைக் கட்டிக்கொண்டே இருக்கிறது.