பிரேக்கம்மாவும் வேன் இன்ஜினும்

முடிவெட்ட வந்த ஒருவர் சலூன்காரரிடம் சொன்னாராம்; அவருக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் காருக்குள் இருப்பது, விபத்தில் ஆள் செத்துப்போன ஒரு வேனின் இன்ஜினாம். அதனால்தான் ஆஸ்பத்திரி முனைக்கு வந்தாலே அந்தக் கார் நின்றுவிடுகிறதாம். உள்ளே இருக்கும் உயிர் அந்த இடத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறதாம்.

முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த பெயின்டர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த வேன்ல யாரும் சாகல. முட்டை ஏத்திட்டுப் போன வேன், பள்ளத்துல கவுந்துச்சு. செத்ததெல்லாம் முட்டைங்கதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்ஜினைக் காருக்குள்ள இறக்கினதே நான்தான். அந்தம்மா என் கூடப்பிறந்த அக்கா."

அதற்குப் பிறகு சலூன்காரரின் கத்தி வெகு மரியாதையாக நகர்ந்தது. பெயின்டருக்குத்தான் மனசு ஆறவில்லை. உயிர் கதை பொய். கார் அந்த முனையில் நின்றுவிடுவது மட்டும் உண்மை.

ஊரில் பாதிப் பேருக்கு அக்காவின் பெயர் தெரியாது. பிரேக்கம்மா என்றால்தான் தெரியும். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் மிதி இருக்கும். அக்காவின் கணவரான மாமாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது அவருடைய டாக்சியை ஓட்டப் பழகியவர், மாமா போன பிறகு அதே காரில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். இன்றுவரை யாருடைய கையிலிருந்தும் ஸ்டியரிங்கைப் பிடுங்கியதில்லை. "பிடுங்கிட்டா அவங்க ஓட்ட மாட்டாங்க, என்னைத்தான் பார்ப்பாங்க" என்பார். அவருடைய வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். பேருந்து ஓட்டுநர்கள் எதிரே வந்தால் விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போவார்கள். அவர்களில் பலரை ஒரு காலத்தில் சுவரில் மோதாமல் காப்பாற்றியது அந்தச் செருப்புதான்.

பழைய இன்ஜின் புகையாகக் கக்கிப் படுத்தபோது எல்லோரும் காரை எடைக்குப் போடச் சொன்னார்கள். அக்கா உடைசல் கடையில் அலசி, அதே கம்பெனி வேனின் இன்ஜினைக் கண்டுபிடித்தார். இறக்கி ஏற்றும் வேலையை அக்காவும் தம்பியுமாகப் பார்த்தார்கள். இன்ஜின் வெளியே கிடந்த நாட்களில் பெயின்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பானெட்டுக்குள் இருந்த துருவையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு மூலை விடாமல் வானநீலம் அடித்தார், இரண்டு கோட். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

பிறகுதான் பிடித்தது சனியன். முனை சிக்னலில் காத்திருக்கும்போது இன்ஜின் விக்கும், இரண்டு தரம் இருமும், அடங்கிவிடும். மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். பிளக்கை மாற்றினார். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்பையும் மாற்றிப் பார்த்தார். அவருடைய கடைவாசலில் மட்டும் கார் சமத்துப் பிள்ளையாக முதல் திருப்பிலேயே கிளம்பும்.

"இது என் முன்னாடி நடிக்குதும்மா" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் அதே முனையில் கார் நடுச்சாலையில் நின்றபோது பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்தது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. இன்று காலை போனில் அவள் கத்தவில்லை; அழுதாள். அதுதான் அக்காவை அசைத்தது. "காரை வாங்கிக்க ஆள் பார்த்துட்டேன்மா, சாயந்திரம் வருவார். பெயின்ட் மாமாவும் நீயும் விளையாடினது போதும். நீ என்கிட்ட வந்துடு" என்றாள்.

அக்கா யோசித்துச் சொன்னார்: "இன்னிக்கு முனையில நிக்காம வந்துட்டா வச்சுக்கறேன். நின்னுட்டா நீ சொல்றபடி."

சலூனிலிருந்து பெயின்டர் வந்தபோது வாசலில் பானெட் திறந்து கிடந்தது. வகுப்புக்கு வந்திருந்த நர்ஸ் ஓரமாக நின்றாள்.

"இன்னிக்கு வகுப்பு இல்லம்மா" என்றார் அக்கா.

"பரவால்ல மேடம். ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? வண்டி நிக்கறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர் இறுகிடுது. மிதிச்சா இறங்க மாட்டேங்குது. முன்னாடியே சொன்னேன். உன் காலுக்குத்தான் பயம்னீங்க."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சொன்னேன்தான். தப்பு என் பேர்ல. எப்ப இறுகுது, நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நின்னுட்டே இருக்கும்போது. முன்னாடி விசிறி சுத்த ஆரம்பிச்சதுக்கப்புறம்."

பெயின்டர் சிரித்தார். "விசிறி ரேடியேட்டருக்கு. ஆக்சிலேட்டருக்கும் அதுக்கும் என்ன உறவு, மாமன் மச்சானா?"

"உறவு இருக்கா இல்லையான்னு பார்த்துட்டாப் போச்சு" என்றார் அக்கா.

காரைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். கற்றுக்கொடுக்கும்போதும் அவர் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். விளக்கைப் போட்டார்; இன்ஜின் ஓடியது. வைப்பரைப் போட்டார், ஓடியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தார். சூடேறி விசிறி சுற்றத் தொடங்கியதும் சத்தம் மாறியது. ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த குழந்தை மாதிரி முனகியது. இன்ஜின் விக்கி, இருமி, அடங்கியது.

"மெக்கானிக் கடையில இதுவரைக்கும் சூடேற விட்டதே இல்ல. அதான் நடிச்சிருக்கு" என்றபடி அக்கா குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டவர் விரலை உதறினார்.

"டேய், இங்க தொடு."

தொட்டார். சுட்டது.

"இழுக்கற கம்பி எதுக்குடா சுடணும்? கரன்ட் போற கம்பிதான சுடும்?"

வீடுகளுக்கு வயரிங் செய்பவர்களோடு காலமெல்லாம் ஒரே ஏணியைப் பங்கு போட்டவர் பெயின்டர். போன கரன்ட் திரும்பி வர வழி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காரின் உடம்பிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் வழி, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டை. அதை முடுக்கியது அவர்தான். பளபளக்கும் வானநீலத்தின் மேல் வைத்து, பெயின்ட் கீறாமல், வெகு பக்குவமாக முடுக்கியிருந்தார். பெயின்ட்டில் கரன்ட் போகாது; வழி அடைபட்டதும் அது ஆக்சிலேட்டர் கேபிளுக்குள் புகுந்திருக்கிறது. விசிறி கேட்கும் கரன்டை அந்த ஒல்லிக் கம்பி தாங்காமல் சூடாகி இறுக, பெட்ரோல் பம்புக்கு வலு இல்லாமல் போயிருக்கிறது.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பெயின்ட்டுக்கா. என் பெயின்ட்."

அக்கா பட்டையைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார். லாரியும் மகளின் அழுகையும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்னது வேறு. "ரொம்ப அழகா அடிச்சிட்டடா. ஒரு பொத்தான் அகலத்துக்கு அசிங்கமா விட்டிருந்தாப் போதும். சுரண்டு."

வெறும் தகரம் தெரியும்வரை பெயின்டர் சுரண்டினார். தன் கையால் போட்ட கோட்டைத் தன் கையால் எடுப்பது இன்னதென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா பக்கத்தில் டார்ச் பிடித்தார். பட்டையை முடுக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். விசிறி சுற்றியது, ஹாரன் தெருநாயை விரட்டியது, கேபிள் குளிர்ந்தே இருந்தது.

"வாசல்ல ஓடறது கணக்குல சேராது. முனைக்குப் போகணும்" என்றார் அக்கா. பிறகு நர்ஸிடம், "நீதான் ஓட்டற."

"நானா மேடம்? இன்னிக்கா?"

"கண்டுபிடிச்சவ நீ. பயம் இருந்தா இருக்கட்டும், கால்ல மட்டும் இருக்கக் கூடாது."

பெயின்டர் பின் இருக்கையில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி முனை. சிவப்பு விளக்கு. முன்னால் ஆம்புலன்ஸ் ஒன்று திரும்ப, எல்லா வண்டிகளும் காத்திருந்தன. பெயின்டர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முன்னால் விர்ரென்று விசிறி கிளம்பியது. அக்காவின் வலது கால் மிதிக்கு மேல் இருந்தது, அழுத்தவில்லை. இன்ஜின் விக்கவில்லை.

மடியில் கைப்பை அதிர்ந்தது. மகள்தான். காரை வாங்குகிற ஆள் இந்நேரம் கிளம்பியிருப்பார்.

"அக்கா, புள்ளைதான் கூப்பிடுது. எடுக்கட்டுமா?"

பச்சை விழுந்தது. நர்ஸ் கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்கலோடு முனையைத் தாண்டியது.

"வகுப்பு நேரத்துல போன் கிடையாதுன்னு கண்ணாடியில எழுதி வச்சவன் யாருடா?" என்றார் அக்கா திரும்பாமலே. "நீ கண்ணாடியப் பார்த்து வலது பக்கம் திருப்பும்மா. இன்னொரு சுத்து போகலாம்."

கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.