கோசோங்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். நானும் உடன் வேலை பார்த்த ஓர் அண்ணனும் ஒப்பந்தத்தில் இருந்தோம். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்பது தேநீர் கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். கிள்ளானில் என் வீட்டு அடுப்பு அந்த வேலையை நம்பித்தான் எரிந்தது.

எல்லோருடைய நிரல்களும் ஒரே சர்வரில், ஆளுக்கொரு ஃபோல்டரில், திட்டத்துக்கு ஒரு ரெப்போவாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்க யாருக்குப் பொறுமை? கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அது எல்லா ரெப்போவுக்குள்ளும் புகுந்து, இன்னும் பதிவு செய்யாத மாற்றங்களைச் சிவப்பில் காட்டும். இன்னொரு வரி அந்த மாற்றங்களை மொத்தமாகத் துடைத்துவிடும். இரண்டையும் எழுதியவர் அண்ணன். மிச்சக் குப்பையைத் துடைக்கும் முன் ஃபோல்டருக்குரியவரிடம் "கோசோங்கா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். கோசோங் என்றால் மலாயில் காலி. பதிவு செய்ய பாக்கி எதுவுமில்லை என்று அர்த்தம். சீனி போடாத தேநீருக்கும் அதே பெயர்தான்.

மேலாளருக்கு நான் டெமோ காட்ட வேண்டிய காலை. தேநீருக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் திரையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உனக்குக் கோசோங்தானேம்மா?"

"ஆமாண்ணே, கோசோங் லா."

விசையைத் தட்டினார். கடைசிப் பிழையைத் திருத்திவிட்டுப் பதிவு செய்யலாம் என்று வைத்திருந்த என் வேலை முழுவதும் போயே போய்விட்டது.

பதறிப்போய் அவர் திரையை எட்டிப் பார்த்தேன். துடைத்த வரிக்கு மேலே, சரிபார்த்த வரி. அதன் கீழே என் கோப்புகளின் பெயர்கள், சிவப்பாக. பாவி, பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள் அந்தக் கறுப்புத் திரையை மூடிவிட்டார்.

"நான் கேட்டேன் பாஸ். கோசோங்னு இந்தப் பொண்ணுதான் சொன்னிச்சு. எல்லாரும் இருந்தாங்களே," என்றார் மேலாளரிடம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் காதில் விழுந்தது உண்மைதானே.

அவர் நிரந்தரமானார். என் கடைசி நாளன்று எல்லோருக்கும் அவர் செலவில் தேநீர். என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார், என்னைத் தவிர. என் மேசையில் சீனியில்லாத தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

அதை அப்படியே அவர் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். "தேங்க்ஸ்ணே" என்று சொல்லிக் குடித்துத் தொலைத்தேன்.